மூச்சுக்கு ஒரு காவலர்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஒரு கண்ணாடிக் குமிழின் வழியாக நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்னும் முதுபெரும் அறுவை மருத்துவர் கத்தியை எடுத்தார். வழக்கமான அலறல் எழவில்லை. மயக்கவியலின் பிறந்த நாள் என்று போற்றப்படும் அந்நாளைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு சிறு செய்தியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அன்று அறுக்கப்பட்டது கையும் அன்று, காலும் அன்று. தாடைக்குக் கீழே, கழுத்தின் இடப்பக்கத்தில் இருந்த ஒரு கட்டி. அக்கட்டி இன்னும் சில விரற்கடை உள்ளே, நாவின் அடியிலோ தொண்டைக்குள்ளோ இருந்திருப்பின், அன்றைய வெற்றி வெற்றியாகவே முடிந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

காரணத்தை அறிய மருத்துவம் கற்றிருக்கத் தேவையில்லை. காலை அறுக்கும்போது தலைமாட்டில் ஒருவர் நின்று, மருந்து நனைத்த துணியை மூக்கின்மேல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் வேலை அவருக்கு, அறுப்பவர் வேலை அறுப்பவருக்கு. தொண்டை அறுவையிலோ இருவரும் ஒரே வாசலில் நிற்க வேண்டியவர்களாகின்றனர். மருந்து கொடுப்பவர் கையை எடுத்தால்தான் அறுவை மருத்துவர் கையை வைக்க முடியும். எடுத்த சிறிது நேரத்தில் நோயாளி விழித்துக்கொள்வார். விழிக்காதபடி ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்திவிட்டாலோ, இருமித் துப்பும் இயல்பு அடங்கிப்போக, வழிகின்ற இரத்தம் தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் இறங்கும். ஒருபுறம் வேதனை, மறுபுறம் மூச்சடைப்பு. இவ்விரண்டுக்கும் இடையே தொண்டை மருத்துவம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தத்தளித்தது. அவ்வளவு காலம் ஏன் என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி.

பழந்தமிழில் 'உயிர்த்தல்' என்றால் மூச்சு விடுதல் என்றும் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில், நாம் உயிர் என்றும் ஆன்மா என்றும் மொழிபெயர்க்கின்ற 'நெஃபெஷ்' என்னும் சொல் தொண்டையையும் குறிக்கும். குருமடத்தில் அதை வெறும் சொல்லாராய்ச்சியாகவே படித்தோம். அறுவைக் கூடத்தின் வரலாற்றைப் புரட்டும்போது, அம்முன்னோர் எவ்வளவு உடலறிந்து பேசினர் என்பது விளங்குகின்றது.

அக்கால மருத்துவர்கள் கையாண்ட உபாயங்கள் பல. சிலர் நோயாளியை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து அறுத்தனர். எட்மண்ட் ரோஸ் என்பவர் 1874இல், நோயாளியின் தலையை மேசை விளிம்புக்கு அப்பால் பின்னோக்கித் தொங்கவிட்டால் இரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் மேலண்ணத்தின் பக்கம் தேங்கும் என்று கண்டு கூறினார். டான்சில் என நாம் அழைக்கும் தொண்டைச் சதையை அகற்றுவதற்கு வேகமே வழியாயிற்று: சிறிது மயக்கம், வளையத்துக்குள் ஓடும் கூரிய அலகு, சில நொடிகளில் வேலை முடியும், குழந்தை இரத்தத்தைத் துப்பியபடி விழித்தெழும். செருமானியரான ஃபிரெடரிக் டிரெண்டலன்பர்க் வேறு வழி கண்டார். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை ஊதிப் பெருக்கி மேலிருந்து வரும் இரத்தத்தை அடைத்து, குழாயின் வழியாகவே குளோரோஃபார்ம் கொடுத்தார். 1871இல் அவர் அதை வெளியிட்டார். வழி நல்ல வழிதான். ஆனால் நாவிலுள்ள ஒரு புண்ணை அகற்றக் கழுத்தில் இன்னொரு புண் உண்டாக்க வேண்டியிருந்தது. கிருமி நீக்கும் முறைகள் வேரூன்றாத அக்காலத்தில் அந்த இரண்டாம் புண்ணே பலருக்கு எமனாயிற்று.

இந்நிலையில்தான் கிளாஸ்கோ நகர் அரச மருத்துவமனையில் வில்லியம் மெக்கீவன் என்னும் முப்பது வயது அறுவை மருத்துவரிடம், 55 வயதான ஒரு சுவர்ப்பூச்சுத் தொழிலாளி வந்து சேர்ந்தார். நாவின் அடியிலும் தொண்டையிலும் புற்று. கழுத்தைத் துளைப்பதற்கு மெக்கீவனுக்கு மனம் ஒப்பவில்லை. மூச்சு இயல்பாகச் செல்லும் வழி வாயிலேயே இருக்க, புதுவழி வெட்டுவானேன் என்று அவர் எண்ணினார். இறந்தோர் உடல்களில் மீண்டும் மீண்டும் பழகிப் பார்த்து, வாய்வழியே விரலை உள்ளே விட்டு, குரல்வளை மூடியைத் தடவி உணர்ந்து, அவ்விரலின்மேலாக ஒரு வளைந்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் நழுவவிடும் திறமையைக் கைவரப் பெற்றார்.

1878ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் அறுவை நடந்தது. குழாயைச் செலுத்தும்போது நோயாளி விழித்தே இருந்தார் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்து எதுவும் அன்று இல்லை. ஒரு கவளம் தவறிப் புரையேறினாலே நாம் படும் பாடு தெரியும். அந்தத் தொழிலாளி, தம் மூச்சுக்குழாய்க்குள் இன்னொருவர் ஓர் உலோகக் குழாயை இறக்குவதற்கு இசைந்து வாயைத் திறந்தார், இருமினார், பொறுத்தார். இருமல் அடங்கியதும், குரல்வளையின் மேல்வாயைக் கடற்பஞ்சால் அடைத்து, குழாயின் வெளிமுனை வழியாகக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கினர். மருந்து கொடுப்பவர் ஒதுங்கி நின்றே தம் பணியைச் செய்தார். மெக்கீவன் அவசரமின்றித் தம் பணியைச் செய்தார். இரத்தம் நுரையீரலைத் தொடவில்லை. குரல்வளை வீங்கி மூச்சுத் திணறியவர்களுக்கும் மெக்கீவன் இம்முறையைக் கையாண்டு, 1880இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அனைத்தையும் விரிவாக எழுதினார். மருத்துவ வரலாற்றில் பெயர் மறைந்த நோயாளிகள் எத்தனையோ பேர். எம் கருத்தில், அந்தச் சுவர்ப்பூச்சுக்காரருக்குக் கிளாஸ்கோவில் ஒரு சிலை வைத்தாலும் தகும்.

ஏறத்தாழ அதே காலத்தில், நியூயார்க்கில் பிறரன்புச் சகோதரிகள் நடத்திவந்த கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் ஜோசப் ஓடுவயர் என்னும் மருத்துவர் வேறொரு துயரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா, குழந்தைகளின் குரல்வளையைச் சவ்வு படர்ந்து மூடிக் கொன்றது. கழுத்தில் துளையிட்டும் காப்பாற்ற முடிந்தவர் சிலரே. அவரும் விரலையே கண்ணாகக் கொண்டு, குரல்வளைக்குள் பொருந்தும் சிறு குழாய்களை உருவாக்கி, 1880களில் பல குழந்தைகளை மீட்டார். மெக்கீவனின் நோக்கம் மயக்கமருந்து. ஓடுவயரின் நோக்கம் மூச்சு. வாய்வழியாகக் குழாய் செலுத்துவது இயலும் என்பதை ஒரு பெருங்கடலின் இரு கரைகளிலும் இருவர் மெய்ப்பித்துவிட்டனர்.

இருந்தும், அடுத்த நாற்பது ஆண்டுகள் தொண்டை அறுவைகளில் பெரும்பாலானவை பழையபடியே நடந்தன.

ஏன்? கருவிகள் செம்மையடையவில்லை என்பது ஒரு விடை. பாரிசில் மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் 1854இலேயே கண்ணாடிகளின் உதவியால் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார் என்பதையும், பெர்லினில் ஆல்ஃப்ரட் கிர்ஸ்டைன் 1895இல் குரல்வளையை நேராகவே பார்க்கும் கருவியைச் செய்தார் என்பதையும் நினைத்தால், அவ்விடை போதாது. கோக்கெய்ன் வந்தது என்பது இன்னொரு விடை. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் அதன் ஆற்றலைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அதே நகரில் எட்மண்ட் யெலினெக் அதைத் தொண்டையிலும் குரல்வளையிலும் பயன்படுத்தினார். நோயாளி விழித்திருப்பதால் இருமித் தம் மூச்சுவழியைத் தாமே காத்துக்கொள்கின்றார். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பிற துறையினரைவிட நெடுங்காலம் இம்முறையை விடாதிருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அஞ்சி நடுங்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது எங்ஙனம் பொருந்தும்?

உண்மையான காரணம் வேறு என்று நாம் கருதுகின்றோம். குழாயைச் செலுத்தவும், அதைக் காக்கவும், அறுவை முடியும்வரை மூச்சையே கவனித்திருக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு அறுவைக் கூடத்தில் இடமே இல்லாதிருந்தது. ஜான் ஸ்னோ போன்ற சிலர் இலண்டனில் மயக்கமருந்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டனர் என்பது மெய்யே. ஆயினும் ஸ்காட்லாந்தில் குளோரோஃபார்ம் புட்டி பெரும்பாலும் மாணவர் கையிலேயே இருந்தது. பிற இடங்களில் அன்று கைக்கு அகப்பட்ட இளைய மருத்துவரின் கையில் இருந்தது. நோயாளியின் மூச்சு தடைப்படுவதை அவர் உணர்ந்தாலும், 'ஐயா, கத்தியை எடுங்கள்' என்று பேராசிரியரிடம் சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? செருமனியின் காசெல் நகரில் ஃபிரான்ஸ் கூன் என்பவர் 1900 முதல் வளையும் உலோகக் குழாய்களைச் செய்து, தொண்டையைத் துணியால் அடைத்து, வாய்வழிக் குழாய் முறையை நூற்றுக்கு நூறு விளக்கி எழுதி, 1911இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அவர் பெயர் பெற்ற பேராசிரியர் அல்லர். அன்றைய செருமானிய அறுவை உலகம் சாவர்புரூக்கின் அழுத்த அறையை வியந்து நோக்கிக்கொண்டிருந்ததேயன்றி, கூனின் குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறிவு இல்லாமையால் மாண்டவர்களுக்காக இரங்கலாம். அறிவு இருந்தும் அதை ஏந்தி நிற்பவருக்கு மதிப்பு இல்லாமையால் மாண்டவர்களை நினைக்கையில் இரக்கம் மட்டும் போதவில்லை.

மாற்றம் ஒரு போரின் இடிபாடுகளிலிருந்து வந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தலையை உயர்த்திய வீரர்கள் தாடையையும் மூக்கையும் கன்னத்தையும் இழந்தனர். அவர்களுக்கென்றே இலண்டனை அடுத்த சிட்கப் என்னும் ஊரில் 1917இல் அரசி மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக விளங்கிய ஹரால்ட் கில்லீஸ், நியூசிலாந்தில் பிறந்து காது மூக்கு தொண்டைத் துறையில் பயின்றவர். அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. சிதைந்த முகத்தின்மேல் எவ்வாறு முகமூடி வைப்பது? தொடக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியே ஈதர் ஆவியை மூச்சுக்குழாய்க்குள் ஊதினர். ஊதிய ஆவி நோயாளியின் வாய்வழியே இரத்தத் துளிகளுடன் திரும்பி, குனிந்து தைத்துக்கொண்டிருந்த மருத்துவரின் முகத்திலேயே அடித்தது. அறுப்பவருக்கே மயக்கம் வரும் நிலை!

1919இல் அங்கு அனுப்பப்பட்ட ஐவன் மாகில், அயர்லாந்தின் லார்ன் நகரத்தவர். போர்முனையில் படை மருத்துவராக இருந்தவர். மயக்கவியலில் பெரும் பயிற்சி பெற்றவர் அல்லர். அவரும் ஸ்டான்லி ரோபாதமும் சேர்ந்து, வெளிமூச்சுக்கென்று முதலில் இரண்டாவது குழாய் ஒன்றைச் சேர்த்தனர். பின்னர் இரண்டையும் விட்டு, உள்மூச்சும் வெளிமூச்சும் ஒன்றிலேயே செல்லும் அகன்ற ரப்பர்க் குழாய்க்கு வந்தனர். தொண்டையைத் துணிச்சுருளால் அடைத்தனர். வாயே திறக்க முடியாத வீரர்களுக்கு மூக்கின் வழியாக, கண்ணால் பாராமல், குழாயின் நுனியில் எழும் மூச்சொலியைக் காதால் கேட்டே அதைக் குரல்வளைக்குள் செலுத்தக் கற்றனர். காலைக் காற்றை முகர்பவரைப்போல் தலை இருக்க வேண்டும் என்பது மாகில் தந்த விளக்கம். குழாயைத் திசைதிருப்ப அவர் 1920இல் அமைத்த வளைந்த இடுக்கி, அவர் பெயரோடு இன்றும் மயக்க மருத்துவர்களின் தட்டில் இருக்கின்றது.

சிட்கப்பில் நிகழ்ந்ததைக் கருவிகளின் கதையாக மட்டும் சொல்லுவோரோடு நாம் உடன்படவில்லை. மெக்கீவனிடமும் கருவி இருந்தது. சிட்கப்பில் புதிதாக இருந்தது, ஒரே நோயாளிக்கு மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் அறுவை செய்ய வேண்டியிருந்த ஒரு மருத்துவரும், அதே நோயாளியின் மூச்சை ஒவ்வொரு முறையும் காத்த இன்னொரு மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகிய பழக்கம். தம் பணி அடுத்தவர் பணியைச் சார்ந்தது என்பதைக் கில்லீஸ் நாள்தோறும் கண்டார்.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. அமெரிக்காவில் ஆர்தர் கூடலும் ரால்ஃப் வாட்டர்சும் 1928இல் ஊதிப் பெருக்கும் உறையை வாய்வழிக் குழாயில் இணைத்தனர். கூடல் தம் நாயை மயக்கி, உறையுள்ள குழாயைச் செலுத்தி, நீர்த்தொட்டியில் முழுதும் அமிழ்த்திக் காட்டினார். மயக்கம் தெளிந்ததும் அது எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. நாய்க்கு அவர் இட்ட பெயர் 'மூச்சுவழி' என்பதாம். 1943இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் இராபர்ட் மாக்கின்டாஷ், ஒரு டான்சில் அறுவைக்காக வாயைத் திறந்து நிறுத்தும் இடுக்கியை வைத்தபோது, குரல்நாண்கள் தெளிவாக எதிரே தெரிவதைக் கண்டார். அன்று காலை முடிவதற்குள்ளாகவே அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ரிச்சர்டு சால்ட், அவ்விடுக்கியின் அலகைக் குரல்வளைநோக்கியின் கைப்பிடியில் பற்றவைத்துவிட்டாராம். உலகெங்கும் பயன்படும் வளைந்த குரல்வளைநோக்கி அவ்வாறு பிறந்தது. தொண்டை மருத்துவரின் கருவி மயக்க மருத்துவரின் கைக்கு வந்த கதை இது.

பிரிட்டனில் 1935இல் மயக்கவியலுக்கெனத் தனிப் பட்டயத் தேர்வு ஏற்பட்டது. அதற்கு உழைத்தவர்களுள் மாகிலும் ஒருவர். ஆயினும் அறுவை மருத்துவர் அழைத்தால்தான் பிழைப்பு என்ற நிலை பலருக்கு நீடித்தது. 1948இல் தேசிய நலவாழ்வுத் துறை அமைந்தபோதே இருவரும் ஒரே நிலையினர் ஆயினர்.

குழாய் தொண்டை அறுவையின் எல்லையைத் தாண்டியதும் புதுக் கேள்விகளும் எழுந்தன. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் நோயாளிகளின் மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, மாணவர்களைக் கொண்டு இரவும் பகலும் கையால் காற்றூட்டி உயிர் காத்தார். காக்கலாம் என்றால், எதுவரை? இன்ஸ்புரூக் மயக்க மருத்துவர் புரூனோ ஹைட் எழுப்பிய இவ்வினாக்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24 அன்று விடையளித்தார். வழக்கமான வழிகளைக் கையாள்வதே கடமை. நோயாளியின் இசைவுக்குப் புறம்பாக மருத்துவருக்கென்று தனி உரிமை இல்லை. இறப்பின் நேரத்தை வரையறுப்பது மருத்துவரின் பொறுப்பு என்பன அவற்றுள் சில. எமக்கு வியப்பூட்டுவது, அவ்வினாவைத் தொடுத்தவர் யார் என்பதே. ஒரு காலத்தில் பேராசிரியர்முன் வாய் திறக்க அஞ்சிய அந்தத் தலைமாட்டு மனிதர், மனச்சான்றோடு கேள்வி கேட்பவராக உரோமையின் முன் நின்றார்.

காது அறுவையில் மூச்சுவழிப் போட்டி இல்லை. ஆனால் அங்கும் ஒருவர் செய்வது மற்றவர் கைவேலையைக் கெடுக்கக்கூடும். நைட்ரஸ் ஆக்சைடு வாயு, நடுச்செவியின் காற்றறைக்குள் நைட்ரசன் வெளியேறுவதைவிட விரைவாகப் புகுந்து அழுத்தத்தைக் கூட்டுகின்றது. புதிதாக ஒட்டிய செவிப்பறையை அது தூக்கிவிடும். நுண்ணோக்கியின் கீழ் ஒரு சொட்டு இரத்தமும் வெள்ளமாகத் தெரியும் என்பதால் இரத்த அழுத்தத்தையும் அளவோடு தாழ்த்தி வைக்க வேண்டியுள்ளது. 1972இல் பாஸ்டனில் ஸ்ட்ராங், யாக்கோ இருவரும் குரல்வளை அறுவைக்கு லேசர் கதிரைக் கொண்டுவந்தபோது, உயிர் காத்த குழாயே தீப்பற்றும் ஆபத்து எழுந்தது. எனவே ஆக்சிசனை 30 விழுக்காட்டுக்கும் கீழே குறைத்து, உறையில் காற்றுக்குப் பதில் நிறமேற்றிய உப்புநீரை நிரப்புகின்றனர். உறை துளைபட்டால் நிறம் கசிந்து காட்டிக்கொடுக்கும். 2015இல் இலண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூக்கின் வழியே ஈரமூட்டிய ஆக்சிசனை மிகுவேகத்தில் செலுத்தி, மூச்சு நின்ற நிலையிலும் 25 நோயாளிகளைக் குழாயின்றிச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணிக்கும் மேலாக வரை காத்திருக்கின்றனர். குழாயைத் தேடிப் புறப்பட்ட பயணம் குழாயே வேண்டாத இடத்தை எட்டிப் பார்க்கின்றது.

நம் பங்குகளில் பிள்ளையின் டான்சில் அறுவைக்குச் செல்லும் தாய்மார், அறுவை செய்பவர் யார், கைராசிக்காரரா என்று பலமுறை விசாரிக்கின்றனர். மயக்கமருந்து கொடுப்பவரின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் அப்பெயரைக் கேட்கின்றது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுக்குமுன்னரே, இந்நோயாளியின் மூச்சுவழியில் இடர் உண்டா என்றும் கேட்கப்பட வேண்டும்.

அறுவை முடிந்தபின்னும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கின்றது. உள்நாக்குக்குப் பின்னே, மேலண்ணத்தின் மறைவில் ஓர் இரத்தக்கட்டி ஒளிந்திருக்கலாம். குழாயை எடுத்ததும் அது நழுவி மூச்சை அடைத்துவிடும். ஆங்கில மருத்துவர் அதற்கு இட்ட பெயர் 'பிணவிசாரணை அதிகாரியின் கட்டி'. அவர் மேசையில்தான் அது கண்டுபிடிக்கப்படும் என்பதால். ஆகவே குழாயை எடுக்குமுன் விளக்கை வைத்து அம்மறைவிடத்தை உறிஞ்சித் துடைத்துப் பார்க்கின்றனர். தொண்டையில் வைத்த துணிச்சுருள் வெளியே வந்துவிட்டது என்பதைச் செவிலியர் உரக்கச் சொல்ல, மற்ற இருவரும் கேட்டுக்கொள்கின்றனர். பின்னர் குழந்தையை ஒருக்களித்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் படுக்கவைத்து, அது தானாக இருமத் தொடங்கும்வரை காத்திருந்து, மயக்க மருத்துவர் குழாயை எடுக்கின்றார்.